கப்பிக் குட்டிகளுக்கு முதல் நான்கு வாரம்

காலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் மூலையில் தூசு மாதிரி ஏதோ நகர்கிறது. குனிந்து பார்த்தால் இரண்டு கரிய கண்கள், பின்னால் கண்ணாடி இழை போல ஒரு வால். "கப்பி குட்டி போட்டிருக்கு!" என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிடுகிறோம். ஏழு, எட்டு, அந்தப் பாசிக்குள் இன்னொன்று, ஒன்பது. சாயந்திரம் வேலை முடிந்து வந்து எண்ணினால் இரண்டு. மறுநாள் ஒன்றும் இல்லை.

"அம்மா, பெரிய மீனே குட்டியைத் தின்னுடுச்சு" என்று என் மகள் முதல் தடவை அழுதபோது என்னிடம் பதில் இல்லை. கடைக்குப் போய் பிளாஸ்டிக் குட்டிப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். அடுத்த மாதம் வயிறு பெருத்த தாயைப் பிடித்து அதற்குள் விட்டேன். இரண்டாம் நாள் தாய் செத்துக் கிடந்தது. பெட்டியின் அடியில் நான்கு குட்டிகள், வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் கரையாமல் உருண்டையாக ஒட்டியிருந்தது. நாள் முடியும் முன்பே பிறந்தவை. அவையும் பிழைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பெட்டியில் தாயை விட்டதே இல்லை. இப்போது கப்பி, அடியில் மேயும் கோரிடோரஸ் மீன், செர்ரி இறால் எல்லாம் சேர்ந்திருக்கும் ஒரே இரண்டடித் தொட்டியில் குட்டிகள் பிறக்கின்றன, சில மாயமாகின்றன, சில வளர்ந்து பெரிதாகின்றன. யாரையும் பிரித்து வைப்பதில்லை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. குட்டிக்கு என்ன ஆபத்து, எத்தனை நாள் ஆபத்து என்று புரிந்தால் போதும், தொட்டியை அதற்கேற்ப மாற்றிவிடலாம்.

தாய் ஏன் தின்கிறது

கப்பி முட்டையிடுகிற மீன் இல்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வருகிறது. பிறக்கும்போது நீளம் ஆறு, ஏழு மில்லிமீட்டர். பெரிய பெண் கப்பியின் நீளம் நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர். அதன் வாய்க்கு எதிரே துடித்துக்கொண்டு போகிற எந்தச் சின்ன உயிரும் இரைதான். கொசுப்புழுவும் அப்படித்தான் துடிக்கிறது, தன் குட்டியும் அப்படித்தான் துடிக்கிறது. பெற்ற குட்டியைக் கூட்டி வைத்துக் காக்கும் பழக்கம் இந்த இனத்துக்கே கிடையாது. ஆண் கப்பியும் தின்னும், பக்கத்தில் நீந்தும் மற்ற பெண்களும் தின்னும்.

இந்த மீன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். டிரினிடாட் தீவும் அதற்கு எதிரே உள்ள வெனிசுலா, கயானா பகுதிகளும்தான் இதன் சொந்த ஊர். 1859-இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் காரகாஸ் நகரத்து மீன்களை வைத்து இதை முதலில் விவரித்தார். டிரினிடாட்டில் இருந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் லண்டன் அருங்காட்சியகத்துக்கு மாதிரிகளை அனுப்ப, அங்கே இருந்த குந்தர் 1866-இல் அவர் பெயரையே மீனுக்கு வைத்தார். அறிவியல் பெயர் பிற்பாடு மாறிவிட்டது. கப்பி என்ற பெயர் மட்டும் நம் ஊர்க் கடை வரைக்கும் வந்து நிலைத்துவிட்டது.

டிரினிடாட்டின் மலை ஓடைகளில் சின்னச் சின்ன அருவிகள் உண்டு. அருவிக்குக் கீழே, பெரிய கப்பிகளையே விழுங்கும் பைக் சிக்லிட் மீன்கள் இருக்கின்றன. அவை ஏற முடியாத மேல் ஓடையில் ரிவுலஸ் என்ற ஒரு சிறு மீன் மட்டும்தான் எதிரி. அது பெரும்பாலும் குட்டிகளையே பிடிக்கும். கீழே வாழும் கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, நிறையக் குட்டிகளைப் போடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கும். மேலே வாழும் கப்பிகள் குறைவாகவே போடும், ஆனால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். டேவிட் ரெஸ்னிக், ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர்கள் கீழ் ஓடைக் கப்பிகளை, பைக் சிக்லிட் இல்லாத மேல் ஓடைக்கு மாற்றிப் பார்த்தார்கள். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், அவையும் பெரிய குட்டிகளைக் குறைவாகப் போடத் தொடங்கின. 1990-இல் அந்த முடிவு வெளியானது.

நம் வீட்டுத் தொட்டிக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. குட்டியைத் தின்ன ஆள் இருக்கும் என்ற கணக்கோடுதான் கப்பி குட்டி போடுகிறது. குட்டி எவ்வளவு சீக்கிரம் எதிராளியின் வாயைவிடப் பெரிதாகிறதோ, அவ்வளவு சீக்கிரம் தப்பிக்கிறது. ஆக நாம் செய்ய வேண்டியது இரண்டே வேலை. வாய் எட்டாத இடம் கொடுக்க வேண்டும், அங்கேயே சாப்பாடும் கிடைத்து வேகமாக வளரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் தாண்டிவிட்டால் கப்பியாலும் டெட்ரா போன்ற சின்ன மீனாலும் அதை விழுங்க முடியாது. நல்ல தீனி கிடைத்தால் மூன்று, நான்கு வாரத்தில் அந்த அளவுக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு கணக்கு

எல்லாக் குட்டிகளையும் காப்பாற்ற வேண்டுமா? இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்டுக்கொள்வதே இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும். இளம் பெண் முதல் தடவையில் ஐந்து, பத்து போடலாம். வளர்ந்த பெண் இருபது, முப்பது, சில சமயம் ஐம்பதுக்கு மேலும் போடும். ஆண் இல்லாவிட்டாலும் நிற்காது. ஒரு முறை சேர்ந்தால் ஆணின் விந்தணுவைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். கடையில் ஆணும் பெண்ணும் கலந்திருக்கும் தொட்டியிலிருந்து வாங்கிய பெண் கப்பி, கிட்டத்தட்ட நிச்சயமாக வயிற்றில் குட்டியோடுதான் வீட்டுக்கு வரும்.

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி என்றால் விளிம்பு வரை நிரப்பினாலே 56 லிட்டர்தான். கீழே போட்ட கல், மேலே விட்ட இடம் கழிந்தால் 45 லிட்டர் சொச்சம். அதில் பதினைந்து, இருபது வளர்ந்த கப்பிகள் நிம்மதியாக இருக்கும். மூன்று பெண்கள் இருந்தால் மாதம் அறுபது, எழுபது குட்டிகள். அத்தனையும் பிழைத்தால் மூன்றாம் மாதம் தண்ணீரே கெட்டு, பெரிய மீனும் சேர்ந்து சாகும். ஒவ்வொரு ஈற்றிலும் நான்கைந்து தப்பித்தாலே ஒரு வீட்டுத் தொட்டிக்கு அது தாராளம். என் மகளிடமும் இதைத்தான் சொன்னேன். தொட்டியில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்று அவளே ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தாள். அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தால் முகம் வாடும், ஆனால் அழுவதில்லை.

ஒளிய ஒரு இடம்

நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வேலை இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்கு உதவி.

பிறந்த குட்டி எங்கே போகிறது என்று ஒரு நாள் பொறுமையாகப் பாருங்கள். தாயின் வயிற்றிலிருந்து வரும்போது அது சுருண்டு, வெந்தயம் அளவு உருண்டையாக வெளியே வருகிறது. ஓரிரு நொடி அப்படியே கீழே இறங்குகிறது. உடம்பை ஒரு உதறு உதறி நிமிர்கிறது. பிறகு ஒன்று, தரையிலுள்ள கல்லிடுக்கில் போய்ப் பதுங்குகிறது. அல்லது நேராக மேலே ஏறி, தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஏதாவது இலைக்கடியில் அசையாமல் நிற்கிறது. நடுத் தண்ணீரில் மாட்டிக்கொண்டதுதான் முதலில் போகிறது. அதனால் மறைவிடம் மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும். பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி அழகாக நட்டு வைத்த நான்கு செடி குட்டிக்கு ஒரு உதவியும் செய்யாது. தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் பெரிய மீன் சுலபமாகப் புகுந்து வரும்.

மேல்மட்டத்துக்கு நான் நம்புவது ஹார்ன்வோர்ட். வேர் கிடையாது, நட வேண்டாம், கொத்தாக மிதக்க விட்டால் போதும். ஊசி ஊசியான இலைகளுக்குள் குட்டி நுழையும், தாய் நுழையாது. வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் பத்து நாளில் இரண்டு மடங்காகிவிடும். புதிதாகப் போடும்போது கொஞ்சம் ஊசி உதிர்ந்து தொட்டியைக் குப்பையாக்கும், அதற்குப் பயந்து எடுத்துவிட வேண்டாம். கப்பி கிராஸ் என்றே ஒரு செடி விற்கிறார்கள், அதுவும் இதே மாதிரி மிதந்து அடர்த்தியாகப் படரும். பிஸ்டியா என்ற நீர்ச்செடி கிடைத்தால் அதன் வேர்கள் தாடி போல அரை அடி தொங்கும். குட்டிகளுக்கு அதைவிடச் சொகுசான இடம் இல்லை. மட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதையும் பரவ விடாதீர்கள். கீழே வெளிச்சம் போகாது, மீனுக்கும் மேலே வந்து மூச்செடுக்க இடம் வேண்டும்.

கீழ்மட்டத்துக்கு ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி வகைச் செடி. ஒரு கைப்பிடி வாங்கி, ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிப் போடுங்கள். ஆறு மாதத்தில் பஞ்சு மெத்தை போல ஆகிவிடும். மறைவிடம் என்பதோடு அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. பழகிய தொட்டியில் இருக்கும் மாஸில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிப் படலமும் ஒட்டியிருக்கும். குட்டி நாள் முழுக்க அதைக் கொறித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் ஆபீஸ் போன நேரத்திலும் அதற்குச் சாப்பாடு உண்டு.

செடி வளர்க்க நேரம் இல்லை, இன்றைக்கே குட்டி போட்டுவிட்டது என்றால்? எலுமிச்சை அளவு கூழாங்கற்களை நன்றாகக் கழுவி ஒரு மூலையில் இரண்டு, மூன்று அடுக்காகக் குவியுங்கள். இடுக்குகளுக்குள் குட்டி போகும், பெரியது போகாது. பச்சை நிற அக்ரிலிக் நூலைச் சாயம் போகிறதா என்று வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டு, துடைப்பம் மாதிரி கட்டி ஒரு தெர்மாகோல் துண்டில் தொங்க விடலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது சின்னத் துளைகள் உள்ள பிளாஸ்டிக் கூடை. துளையின் அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும். உள்ளே கொஞ்சம் மாஸ் போட்டு, விளிம்பு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி கட்டிவிடுங்கள். குட்டிகள் தாங்களாகவே அதற்குள் போய்ச் சேரும். தீனியையும் அந்தக் கூடைக்குள்ளேயே போட்டால் இரண்டே நாளில் பழகிவிடும். துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை, அடைத்து வைக்க வேண்டியதும் இல்லை.

ஃபில்டர்

மீன் தின்னாத குட்டியை ஃபில்டர் தின்றுவிடும். பக்கவாட்டில் மாட்டும் ஃபில்டர், உள்ளே வைக்கும் பவர் ஃபில்டர் இரண்டும் அரை சென்டிமீட்டர் உயிரை இழுத்துவிடும். ஒரு முறை ஃபில்டரைக் கழுவத் திறந்தபோது பஞ்சுக்குள் ஐந்து குட்டிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. அதற்கு முன் எத்தனை போயினவோ. உறிஞ்சும் வாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள். இல்லையென்றால் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறிவிடுங்கள். விலையும் குறைவு, குட்டியை இழுக்காது, ஸ்பாஞ்சில் ஒட்டியிருக்கும் துணுக்குகளைக் குட்டிகள் மேயவும் செய்யும். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கழிவைச் செரிக்கும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, குளோரின் பட்டால் செத்துவிடும்.

கூட யார் இருக்கிறார்கள்

பல வகை மீன்களைச் சேர்த்து வைக்கும் தொட்டியைக் கடைக்காரர்கள் கம்யூனிட்டி டேங்க் என்பார்கள். சண்டை போடாமல் சேர்ந்து இருக்கும் என்பதுதான் அதன் பொருள். குட்டியைத் தின்னாது என்று பொருள் இல்லை.

ஏஞ்சல், ஃபைட்டர், பெரிய கௌராமி, டைகர் பார்ப், எந்த வகை சிக்லிட்டும் இருந்தால் குட்டி வளரும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். ஏஞ்சல் மாஸுக்கு வெளியே மணிக்கணக்கில் காத்திருந்து பிடிக்கும். டைகர் பார்ப் பெரிய கப்பியின் வாலையே கடித்துக் கிழிக்கும். கோல்டு ஃபிஷ்ஷைக் கப்பியோடு போடுவது நம் ஊரில் சகஜமாக நடக்கிறது. அது வாயில் அடங்கும் எதையும் உறிஞ்சிவிடும், தண்ணீரையும் சீக்கிரம் அழுக்காக்கும். மோலியும் பிளாட்டியும் கப்பிக்குச் சொந்தக்காரர்கள், அவையும் குட்டி போடுபவை, அவையும் தின்னும். நியான் டெட்ரா சின்ன வாய்க்காரன். பிறந்த அன்று ஒன்றிரண்டு போகும், ஒரு வாரம் தாண்டினால் பயமில்லை. கோரிடோரஸ், பாசி மேயும் ஓட்டோசின்க்ளஸ் மீன், செர்ரி இறால், நத்தை ஆகியவற்றோடு குட்டிகள் நன்றாக வளர்கின்றன. சக்கர் ஃபிஷ் குட்டியைத் துரத்தாது, ஆனால் ஒரு அடிக்கு மேல் வளர்கிற மீன், இரண்டடித் தொட்டியில் அதற்கு வேலை இல்லை.

இன்னொன்று, ஆண்களின் எண்ணிக்கை. ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண்கள் இருக்கட்டும். ஆண் அதிகமானால் பெண்ணை நாள் முழுக்க விரட்டும். களைத்துப்போன தாய் பலவீனமான குட்டிகளைப் போடும், சில சமயம் குறைமாதமாகவும் போட்டுவிடும்.

நாள் நெருங்கும்போது

பெண் கப்பியின் வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால் ஒரு கரும்புள்ளி இருக்கும். குட்டிகள் வளர வளர அது பெரிதாகிக் கருக்கும். கடைசி நாட்களில் வயிறு பக்கத்திலிருந்து பார்க்க உருண்டையாக இல்லாமல் பெட்டி மாதிரி சதுரமாகும். வெளிர் நிறப் பெண்ணாக இருந்தால் தோலுக்குள் குட்டிகளின் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கூட்டத்தை விட்டு ஒதுங்கி, ஃபில்டர் பின்னாலோ மூலையிலோ நின்றால் இன்று அல்லது நாளை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டு நாளும் எல்லா மீன்களுக்கும் வயிறு நிறையத் தீனி கொடுங்கள், ஆனால் சிறிது சிறிதாக, மிச்சம் விழாமல். பசித்த தாய்தான் திரும்பி நின்று பிடிக்கும். என் தொட்டியில் பெரும்பாலும் விடியற்காலையில்தான் போடுகின்றன. அதனால் காலையில் விளக்கைப் போட்ட கையோடு முதலில் பெரிய மீன்களுக்குத் தீனி போட்டுவிடுவேன், பிறகுதான் எண்ணுவேன்.

சரி, தனிப் பெட்டி வேண்டவே வேண்டாமா? அருமையான ரகம், குட்டிகளை அதிகமாகக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றால் பயன்படும். பெட்டிக்குள் போக வேண்டியது குட்டிதான், தாய் வேண்டாம். கை அகலப் பெட்டியில் அடைபட்ட தாய் மிரண்டுபோய்க் குறைப்பிரசவமாகிவிடும், எனக்கு நேர்ந்தது அதுதான். குட்டிகளை ஒரு டம்ளரால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள், வலையால் பிடித்தால் மெல்லிய உடம்பு நசுங்கும். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியைவிட நைலான் வலையால் செய்த பெட்டி நல்லது, தண்ணீர் உள்ளும் வெளியும் ஓடும். அதற்குள்ளும் கொஞ்சம் மாஸ் போடுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் அதில் வைத்திருந்தால் இடம் போதாமல் வளர்ச்சி குன்றும்.

இதையெல்லாம்விட நல்ல வழி, இருபது லிட்டர் டப் ஒன்றைத் தனியாக வைப்பது. பெரிய தொட்டியின் தண்ணீரையே நிரப்பி, அதிலேயே சில வாரம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டி, நிறையச் செடி போட்டுத் தாயைப் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். போட்டு முடித்ததும் தாயைத் திருப்பி எடுத்துவிடுங்கள். புதுத் தண்ணீர், புது ஃபில்டர் வைத்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஏறிக் குட்டிகள் மூன்றாம் நாளே சுருண்டுவிடும். ஒரு புதுத் தொட்டி பக்குவமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

என்ன சாப்பிடும்

பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி சாப்பிடத் தொடங்கிவிடும். முட்டையிலிருந்து வரும் மற்ற மீன்களின் குஞ்சுகளைவிடக் கப்பிக் குட்டிக்கு வாய் பெரிது. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வளர்த்துக் கொடுக்கும் சிரமம் இல்லை. பெரிய மீனுக்குப் போடும் நல்ல ஃப்ளேக்ஸை, அதாவது செதில் தீனியை, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் திருநீறு போலப் பொடியாக்கித் தூவினால் போதும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சிட்டிகையில் பாதி. வயிறு உருண்டு தெரிந்தால் சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம்.

வேகமாக வளர வேண்டும் என்றால் உயிருள்ள ஆர்ட்டீமியா என்ற உப்பு நீர்ச் சிற்றுயிரின் குஞ்சுக்கு நிகர் இல்லை. இறால் பொரிப்பகங்களில் இறால் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் அதே பொருள்தான். முட்டை காய்ந்த பொடியாகச் சிறு பாக்கெட்டில் கிடைக்கிறது. செய்முறை கஷ்டம் மாதிரி தோன்றும், இரண்டு தடவை செய்தால் காபி போடுவது போலப் பழகிவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரையுங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டுத் தலைகீழாக நிறுத்தி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, ஏர் பம்பின் குழாயை அடி வரை விடுங்கள். கால் டீஸ்பூன் முட்டை போதும். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். நம் ஊர்ச் சூட்டில், 26 முதல் 28 டிகிரி இருந்தால், 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, பத்து நிமிடம் அசையாமல் விட்டு, அடிப்பக்கம் டார்ச் அடியுங்கள். காலி ஓடுகள் பழுப்பாக மேலே மிதக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் வெளிச்சத்தைத் தேடிக் கீழே கூடும். அதை மெல்லிய குழாயால் இழுத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் குட்டிகளுக்குப் போடுங்கள். ஓடுகள் கூடவே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், குட்டிகளுக்கு அவை செரிக்காது. பொரிந்த அன்றே போட்டுவிட வேண்டும். நாள் ஆக ஆக அதன் உடம்பிலுள்ள கரு தீர்ந்து சத்து குறையும்.

முதல் முறை ஆர்ட்டீமியா சாப்பிட்ட குட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடம்புக்குள் வயிறு மட்டும் ஆரஞ்சுப் பல்பு மாதிரி எரியும். என் வீட்டில் அன்று முழுக்க அந்தப் பூதக்கண்ணாடிக்குத்தான் சண்டை.

பொரிக்க முடியாதவர்கள் ஓடு நீக்கிய ஆர்ட்டீமியா முட்டையை அப்படியே போடலாம். மைக்ரோவார்ம் என்ற மிகச் சிறிய புழுவை வளர்ப்பவர்கள் அருகில் இருந்தால் ஒரு ஸ்பூன் வாங்கி ஓட்ஸ் கூழில் பெருக்கலாம். வேகவைத்த மஞ்சள் கருவை நிறையப் பேர் சொல்வார்கள். துணியில் கட்டித் துளி துளியாகப் பிழிந்தால் குட்டி சாப்பிடும்தான், ஆனால் கொஞ்சம் கூடினாலும் அரை நாளில் தண்ணீர் நாறும். நான் விட்டுவிட்டேன். கடையில் விற்கும் சிவப்புப் புழுவைக் குட்டிகளுக்குத் தரவே வேண்டாம், சாக்கடையில் எடுப்பது, நோய் கொண்டுவரும்.

தண்ணீர்

கப்பிக்குக் கொஞ்சம் கடினத்தன்மை உள்ள தண்ணீர்தான் பிடிக்கும். உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் என்று நாம் அலுத்துக்கொள்வதில் அது சந்தோஷமாக வாழும். மீன் மேல் உள்ள பாசத்தில் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தாதுக்கள் இல்லாத அந்தத் தண்ணீரில் குட்டிகள் துவண்டுபோகும், வாலை மடக்கிக்கொண்டு ஆடும்.

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு விட்டோ, ஒரு நாள் வாளியில் காற்றாட வைத்தோ ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குட்டிகள் மட்டும் இருக்கும் டப்பில் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றினால் வளர்ச்சியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு நைலான் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், அப்படியும் வாளியில் எடுத்த தண்ணீரைக் கொட்டும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு வாளியில் ஒரு தடவை மூன்று பேர் இருந்தார்கள்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு ஹீட்டர் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது மே மாதத்துக்குத்தான். சூடு கூடினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் விஷமும் ஏறும். சின்ன டப் பெரிய தொட்டியைவிடச் சீக்கிரம் சூடாகும். அதை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்தி வையுங்கள், ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

வளர்ந்த பிறகு

இரண்டு, மூன்று வாரத்தில் பெண் குட்டிகளுக்குக் கரும்புள்ளி தெரிய ஆரம்பிக்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் ஆண் குட்டிகளின் அடித்துடுப்பு குச்சி போலக் கூராகி, வாலில் லேசாக நிறம் ஏறும். இனிப் பெருக வேண்டாம் என்றால் அப்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும், இரண்டாம் மாதம் முடிவதற்குள் அவை அடுத்த தலைமுறைக்குத் தயாராகிவிடும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே பல தலைமுறை போனால் முதுகு வளைந்த குட்டிகள் பிறக்கும். வருடத்துக்கு ஒரு முறை வேறு இடத்திலிருந்து ஒரு ஆணை வாங்கி விடுங்கள்.

மிச்சமானதை ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. கொசுவை ஒழிக்க என்று உலகம் முழுக்கக் கொண்டுபோய் விடப்பட்ட மீன் இது. பல நாடுகளின் நீர்நிலைகளில் இன்று உள்ளூர்ச் சிறு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கால்வாய்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் பக்கம் வண்ண மீன் வளர்ப்பவர்கள் நிறைய உண்டு. நன்றாக வளர்ந்த ஜோடிகளைப் பண்டமாற்றாகத் தீனிக்கோ செடிக்கோ எடுத்துக்கொள்வார்கள். எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பையன்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள்.

கொடுத்து அனுப்பும் முந்தைய நாள் தீனி போட மாட்டேன், பையில் தண்ணீர் அழுக்காகாமல் இருக்கும். கவரில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று. உள்ளே ஒரு சின்னக் கொத்து ஹார்ன்வோர்ட்டும் போட்டுவிடுவேன். வீட்டுக்குப் போனதும் கவரைப் பிரிக்காமல் பதினைந்து நிமிடம் அவர்கள் தொட்டியில் மிதக்க விட்டு, பிறகு அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவருக்குள் சேர்த்து, கடைசியில் மீனை விடச் சொல்லி அனுப்புவேன். அந்த ஹார்ன்வோர்ட்டையும் தொட்டியில் மிதக்க விடச் சொல்வேன். கொண்டுபோகும் பெண்ணின் வயிற்றில் அநேகமாக ஏற்கெனவே குட்டி இருக்கும்.